சமறிக்கு எழுதிய யாப்பு

எங்கள் பாலையூற்று வீட்டில் அரிசிப் பெட்டிக்கும் அலுமாரிக்கும் இடையில் ஒரு பலகை சாய்ந்து நிற்கிறது. மூன்றடி அகலம், நாலடி உயரம். போர்க்கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் நிறப் பெயின்ட்டின் மேல் வெள்ளை எழுத்தில் பதினொரு வரிகள். பதினோராவது வரிக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அதிகாலை வேலைக்குப் போகிறவர்தான் முதலில் குளிக்கலாம் என்று யாராவது பலகையில் எழுதி மாட்டுவார்களா? நாங்கள் மாட்டினோம். அந்த வரியை வகுத்தவன் நான். நாட்டுக்குக் குடியரசு யாப்பு, அதாவது அரசியலமைப்புச் சட்டம், வந்த காலத்தில் எங்கள் சமறிக்கும் ஒரு யாப்பு வந்தது. நாட்டின் யாப்பை எழுபத்தெட்டில் மாற்றிவிட்டார்கள். எங்களுடையது ஓர் எழுத்தும் மாறாமல் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

வெளியூர்களிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த தனி ஆண்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஒரே குசினியில் சமைப்பித்துச் சாப்பிட்டு இருப்பதைத்தான் சமறி என்போம். எங்கள் சமறி திருகோணமலையில் டொக்யார்ட் வீதியிலிருந்து உள்துறைமுகத்தின் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. பின் விறாந்தையில் நின்றால் காலுக்குக் கீழே தண்ணீர். காலை ஏழு மணியளவில் அந்தத் தண்ணீரில் பட்ட வெயில் எழும்பி வந்து கூடத்துக் கூரைத்தட்டில் நெளியும். படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கதிரை, மேசை, கொடியில் தொங்கும் சறம் எல்லாமே மெல்ல ஆடுவதாகத் தோன்றும். சில நாட்களில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வழி தவறி வந்து வாசலில் நின்று, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். துறைமுக அலுவலகத்தில் கிளாக்கராக நான் சேர்ந்தது அறுபத்தெட்டில். அந்த வீட்டில் இருந்த ஆண்டுகளை இப்போது நினைத்தால் எனக்குத் தேதிகள் வருவதில்லை, அந்த வெளிச்சம்தான் வருகிறது.

அந்த வெளிச்சத்துக்குள் எப்போதும் பெயின்டர் ஐயா இருப்பார். பக்கத்து அறையின் வாசலில் ஒரு சிறிய முக்காலியில் குந்தியிருந்து, தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருப்பார். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். காதோரத்தில் எந்நேரமும் ஒரு பென்சில். வெள்ளைக்காரக் கடற்படையின் கப்பல் திருத்தும் டொக்யார்ட்டில் முப்பது வருடம் எழுத்துப் பெயின்டராக இருந்தவர். கப்பல்களின் பெயர், உயிர்காக்கும் வளையங்களின் பெயர், கதவுகளின் இலக்கம் எல்லாம் அவருடைய கை. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் டொக்யார்ட்டை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அவருக்கு வேலை போயிற்று. மனைவி அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். அப்போது சமறியில் இருந்த யாரோ, "பக்கத்தறை சும்மாதானே கிடக்கு, வந்து இருங்கோ" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் யாரென்று எங்கள் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. உத்தியோகத்தர்கள் மாற்றலாகிப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பக்கத்தறை ஐயாவுடையது, முதல் கோப்பைச் சோறு ஐயாவுக்கு என்பது மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் பெட்டியோடு வந்திறங்கிய அன்று குசினியைக் காட்டினார்கள், கிணற்றைக் காட்டினார்கள், ஐயாவைக் காட்டினார்கள்.

இப்படி எழுதாத வழக்கங்கள் அங்கே நிறைய இருந்தன. மெயில் ரயிலில் ஊருக்குப் போய் வருகிறவர் பனங்கட்டியோ மாம்பழமோ கொண்டு வர வேண்டும். ஒருவருடைய மனைவி பிள்ளைகள் வந்தால் முன்னறையை அவருக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் விறாந்தையில் படுக்க வேண்டும். ஜன்னலோரக் கதிரை அதிக காலம் இருந்தவருக்கு. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பிழை விட்டால் ஒரு சிரிப்பும் ஒரு செருமலும் வரும், அவ்வளவுதான்.

எழுபது, எழுபத்தொன்றில் பத்திரிகையைத் திறந்தால் யாப்புத்தான். கொழும்பில் அரசியல் நிர்ணய சபை கூடிக் குடியரசு யாப்பை வரைந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருவர் மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே சட்டப் பரீட்சைக்குப் படித்தார். அவரைச் சட்டக்காரர் என்றே அழைப்போம். பின்னேரத்தில் தேத்தண்ணியோடு விறாந்தைக்கு வந்து, அன்று படித்ததை எங்கள் தலையில் கட்டுவார். இங்கிலாந்துக்கு யாப்பு என்று ஒரு புத்தகம் கிடையாதென்று அவர் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. பழைய சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் பாராளுமன்றத்து வழக்கங்களும் சேர்ந்ததுதான் அவர்களுடைய யாப்பாம். இராணி இன்னின்னது செய்யமாட்டார் என்பது சட்டத்தில் இல்லை, ஆனால் செய்யமாட்டாராம். பாராளுமன்றம் நினைத்தால் சாதாரண வாக்கினாலேயே எதையும் மாற்றலாம், ஆனால் வெட்கம் தடுக்குமாம். இந்தியாவைப் போல, அமெரிக்காவைப் போல எழுதி வைத்தால் அதுவே எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம், அதை லேசில் மாற்ற ஏலாது, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றார்.

"எழுதாமல் எப்படி ஒரு நாடு நடக்கும்?" என்று நான் கேட்டேன்.

"சமறி நடக்குதுதானே" என்றார் சட்டக்காரர்.

ஐயா தூரிகையைத் துணியில் துடைத்தபடி சிரித்தார். அவர் எங்கள் கதைக்குள் வருவது அபூர்வம். அன்று வந்தார். "டொக்யார்ட்டுக்குள்ள நான் எழுதாத போர்ட் இல்லைத் தம்பி. இதில நிக்காதே, இதில துப்பாதே, இந்த வழியால வராதே. எல்லாம் எங்களுக்கு. அவங்கட மெஸ்ஸுக்குள்ள ஒரு போர்ட்டும் இல்லை. ஆர் எந்தக் கதிரையில இருக்கிறதெண்டு அவங்களுக்குத் தெரியும். தங்களுக்கு எழுதாமல் வச்சிருந்தாங்கள், எங்களுக்கு எழுதித்தான் தந்தாங்கள்."

சட்டக்காரர் அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். பரீட்சையில் எழுதினாரோ தெரியாது.

எழுதாத வழக்கத்தை நான் இப்போது புகழ்ந்து பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அதற்கும் ஒரு கோணல் உண்டு. வழக்கம் என்னவென்று சொல்கிறவர் எப்போதும் பழைய ஆளாகவே இருப்பார். தம்பலகாமத்துப் பொடியன் ஒருவன் எங்களோடு சேர்ந்தபோது, புதியவர் ஒரு வருடம் விறாந்தையில் படுப்பதுதான் இங்கே வழக்கம் என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டார். அப்படி ஒரு வழக்கம் இருக்கவேயில்லை. அவனும் நம்பி ஒரு மாரி முழுக்க நனைந்தான். உண்மை தெரிந்ததும் வீட்டில் பெரிய வாக்குவாதம். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் சட்டக்காரர் சொன்னார், "எழுதிப் போடுவம். எழுதினால் பழைய ஆளும் புது ஆளும் ஒண்டு." அது நியாயமான பேச்சு. இன்றும் அது நியாயம்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மேசையைச் சுற்றி இருந்து வகுத்தோம். அங்கத்தவர் ஆறு பேர். அவர்கள் அரச உத்தியோகத்தராக இருக்க வேண்டும் என்பது முதல் வரி. அறைகள் அங்கத்தவர்களுக்கு மட்டுமே என்பது நான்காவது. யாப்பை மாற்ற நாலு பேர் கை உயர்த்த வேண்டும் என்பது பத்தாவது. கூட்டத்துக்கு அதிக காலம் இருந்தவர் தலைமை வகிப்பார், தலைமை வகிப்பவர் கை உயர்த்தக் கூடாது என்பது பதினோராவது. இந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு. தலைவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். எழுதியபோது என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நாலாவது வரியில் பேனாவை நிறுத்தி, "ஐயாவைப் பற்றி?" என்று கேட்டேன்.

சட்டக்காரர் முகம் சுளித்தார். "என்ன கதை இது? ஐயாவுக்கு அறை குடுக்கிறம், சாப்பாடு குடுக்கிறம் எண்டு போர்ட்டில எழுதுறதோ? வாறவன் போறவன் எல்லாம் வாசிப்பான். பிச்சை போடுற மாதிரி இருக்கும்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தம்பலகாமத்தான்கூட, "ஐயா சட்டத்துக்கு மேல" என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெற்ற தாய்க்குச் சோறு போடுவதாக யாராவது உறுதி எழுதிக் கொடுப்பார்களா? மரியாதையின் காரணமாக அவரை எழுதாமல் விட்டோம். அன்று பின்னேரம் எங்களைப் பற்றி எங்களுக்கே ஒரு பெருமை இருந்தது.

பலகையை எழுதித் தரும்படி ஐயாவைத்தான் கேட்டோம். வேறு யாரைக் கேட்பது? அவருக்கு நாலு நாள் எடுத்தது. டொக்யார்ட் காலத்துச் சாம்பல் பெயின்ட் ஒரு தகரத்தில் மிச்சம் இருந்தது. அதை அடித்துக் காயவிட்டு, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் மேலும் கீழும் இரண்டு கோடு கீறினார். கோடுகளுக்கு நடுவில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து இருந்தன. எழுதி முடிந்ததும் காலையில் தின்று மிஞ்சிய பாண் துண்டை எடுத்துப் பென்சில் கோடுகளைத் தேய்த்து அழித்தார். அதுதான் அவருடைய தொழில் முறை. கோடு தெரிந்தால் வேலை முடியவில்லை என்று சொல்வார். மூன்றாம் நாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது நாலாவது வரியில் இருந்தார். அறைகள் அங்கத்தவர்களுக்கு மட்டுமே. தூரிகை ஒரு கோட்டையும் தாண்டவில்லை. கூரையில் பின்னேர வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நான் தேத்தண்ணி குடித்தபடி அழகை ரசித்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் கூப்பிட்டார். "முடிஞ்சுதா தம்பி? வேற ஒண்டும் இல்லையா?"

"ஓம் ஐயா, அவ்வளவுதான்."

"கீழ இடம் கிடக்கு."

"அழகுக்கு இருக்கட்டும் ஐயா" என்றேன்.

அவர் தலையாட்டினார். அன்று பின்னேரமே பலகையைக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலே உயரத்தில் மாட்டினோம்.

அடுத்த மூன்று வருடங்களில் மாற்றல் ஒவ்வொருவராகக் கொண்டு போயிற்று. சட்டக்காரர் பரீட்சை தேறி யாழ்ப்பாணம் போனார். தம்பலகாமத்தானுக்கு மன்னார் கிடைத்தது. பலகையை வகுத்தவர்களில் நான் மட்டும் மிஞ்சினேன். புதிதாக வந்தவர்களில் மின்சாரப் பகுதிக்காரர் ஒருவர். நல்ல பொடியன், உழைப்பாளி, மரியாதை தெரிந்தவன். மற்ற அறைகள் நிறைந்திருந்ததால் வீட்டில் அவனுக்கு அறை இல்லை. விறாந்தையில் படுத்தான். கார்த்திகை மழை துறைமுகத்திலிருந்து சரிந்து அடித்து அவனுடைய பாயையும் புத்தகங்களையும் நனைத்தது. ஒரு ஞாயிறு காலை மேசையில் இருந்தபடி பலகையை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணை, பக்கத்தறையில இருக்கிறவர் அங்கத்தவரோ?"

"அவர் பெயின்டர் ஐயா."

"அது தெரியும் அண்ணை. நாலாம் வரியில அறை அங்கத்தவருக்கு மட்டும் எண்டு கிடக்கு."

"அது வழக்கம் தம்பி. அவர் கனகாலம் இருக்கிறார்."

அவன் குரலை உயர்த்தவில்லை. "வழக்கம் எண்டால் ஏன் அண்ணை எழுதி மாட்டினனீங்கள்?"

நானும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். அதே பலகைதான் முன்னொரு பொடியன் நனையக் கூடாதென்று எழுதப்பட்டது. இந்தப் பொடியனும் நனைந்துதான் நிற்கிறான். அவன் கேட்டதில் பிழை இருந்தால் எனக்கு இத்தனை வருடம் நெஞ்சு உறுத்தியிருக்காது.

யாப்பை மாற்றினால் போகிறது என்று நினைத்து அடுத்த ஞாயிறு கூட்டம் கூட்டினேன். பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும், பக்கத்தறை ஐயா உள்ளவரைக்கும் ஐயாவுக்கு. அதிக காலம் இருந்தவன் என்ற முறையில் தலைமை எனக்கு. மூன்று கைகள் உயர்ந்தன. மின்சாரக்காரனும் அவனுடைய சிநேகிதனும் கையை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு வேண்டும். ஒரு கை குறைந்தது. அந்தக் கை என் மடியில் இருந்தது. பதினோராவது வரி என் தலைக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. நான் வகுத்த விதியை நானே மீறினால் என்ன மதிப்பு என்று எண்ணினேன். அப்படித்தான் எண்ணினேன், மறைக்கவில்லை. பக்கத்தறைக் கதவு திறந்திருந்தது. தகரத்துக்குள் தூரிகை சுற்றும் ஓசை நின்று போயிருந்தது. "போதாது" என்று நான் அறிவித்தேன்.

குசினியிலிருந்து பாலையூற்று அக்கா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். எங்களுக்குச் சமைத்தவர் அவர்தான். "எழுதினதில இல்லாட்டி சோறு போட ஏலாதோ?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றும் முதல் கோப்பை ஐயாவுக்குத்தான் போயிற்று.

தலைமையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நான் கையை உயர்த்தியிருக்கலாம். அந்தச் சின்ன உபாயம் அடுத்த நாள் காலை கிணற்றடியில் பல் தீட்டும்போதுதான் எனக்குத் தோன்றியது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். ஐயா பெட்டியைக் கயிறால் கட்டிக்கொண்டிருந்தார். வெருகல் பக்கத்தில் தமக்கையின் மகன் இருக்கிறான், அங்கே போகிறேன் என்றார். ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. மின்சாரக்காரன் முகம் வெளிறி, "நான் இப்பிடி நினைக்கேல்லை ஐயா" என்றான். ஐயா அவனுடைய தோளைத் தட்டினார். "உம்மில பிழை இல்லைத் தம்பி. போர்ட்டில அப்பிடித்தான் இருக்கு. நான்தானே எழுதினனான்."

கிண்ணியாத் துறைவரை நான் கூடப் போனேன். வாகனங்களையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். மழை விட்டு, தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. பாதை எங்கே நகர்கிறது, கரை எங்கே நகர்கிறது என்று சொல்ல முடியாத காலை. ஏறுகிற இடத்தில் இத்தனை ஆள், இத்தனை வண்டி என்று ஒரு பழைய போர்ட். அதுவும் ஐயாவின் எழுத்து. யாரும் அதைப் பார்க்கவில்லை. மூதாட்டி ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், கூட்டம் தானாக விலகியது. பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சி. பிறகு மீன் கூடைக்காரர். கடைசியாகத்தான் நாங்கள். அதை யார் வகுத்தார், எந்தப் பலகையில் இருக்கிறது? ஐயா தன்னுடைய பழைய எழுத்தை ஊரில் தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "தம்பி, கடைசி வரியில ஒரு சொட்டு பெயின்ட் கீழ வழிஞ்சிருக்கு. மாட்டினாப் பிறகுதான் கண்டனான். நேரம் கிடைச்சால் துடைச்சு விடுங்கோ."

"ஓம் ஐயா" என்றேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. போய்ப் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்தேன். வெருகலுக்கு இன்னும் இரண்டு துறை தாண்ட வேண்டும், வெள்ளம், லீவு இல்லை. சோம்பலுக்கு நூறு காரணம். இரண்டு வருடம் கழித்து, ஐயா போய்விட்டாராம் என்று பாலையூற்று அக்கா மீன் வெட்டியபடி சொன்னார். நான் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன்.

பிறகு சமறி கலைந்தது. நான் கலியாணம் செய்து பாலையூற்றுக்கு வந்தபோது பலகையைக் கழற்றிக் கொண்டு வந்தேன். இந்த வருடம் சட்டக்காரர் ஒரு வழக்குக்காகத் திருகோணமலைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். தலை நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை. சுதந்திரத்தோடு வந்த யாப்பின் இருபத்தொன்பதாம் பிரிவைப் பற்றிச் சொன்னார். எந்த இனத்துக்கும் எந்த மதத்துக்கும் பாதகமாகச் சட்டம் செய்யக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். எழுபத்திரண்டில் அது அப்படியே விடுபட்டுப் போயிற்று. "எழுதாததை மறந்து போவாங்கள். எழுதினதை எடுத்துப் போடுவாங்கள். நான் இருபது வருசமாய்ச் சட்டம் படிச்சு அறிஞ்சது இவ்வளவுதான்" என்றார். பிறகு அரிசிப் பெட்டிப் பக்கம் திரும்பிப் பலகையைப் பார்த்து, "ஐயாட எழுத்து" என்றார்.

அவர் போன பின்னேரம் எனக்கு அந்தச் சொட்டு நினைவுக்கு வந்தது. எத்தனை வருடம்! மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு பலகையை ஜன்னல் பக்கமாக இழுத்தேன். சாய்ந்த வெயில் அதன் மேல் விழுந்தது. கடைசி வரியில் சொட்டு ஒன்றும் இல்லை. மேலும் கீழும் தேடினேன். தூசியைத் துடைத்துத் துடைத்துக் கீழே போனேன். வெறுமையான அந்தச் சாண் இடத்தில், சாம்பல் பெயின்ட்டின் மேல், மெல்லிய இரண்டு பென்சில் கோடுகள். கோட்டின் இடது முனையில் பென்சிலால் பன்னிரண்டு என்று இலக்கம். மற்றக் கோடுகளையெல்லாம் பாண் துண்டால் அழித்த மனிதர் இதை மட்டும் அழிக்கவில்லை.

துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி என்னவென்று கேட்டது காதில் விழுந்தது. கீழ இடம் கிடக்கு என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அழகுக்கு இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.